கடையில் விற்கும் நஞ்சும் கைவிடப்பட்ட பிள்ளையும்

(வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்திலே, கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் பெருந்திரளாகக் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



வழக்கமாக இம்மேடையில் என்னை ஏற்றினால் காணியைப் பற்றியோ மொழியைப் பற்றியோ பேசுவேன். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. "அரசியற் கூட்டத்திலே இதைப் பேசத்தான் வேண்டுமா?" என்று வழியில் ஒரு நண்பர் கேட்டார். "காணியைக் காக்க வேண்டுமென்று ஊரூராய்ப் பேசுகிறோம். அந்தக் காணியிலே நாளைக்கு நிற்க வேண்டியவன் நம் பிள்ளை. அவனுக்கு நிற்கக் காலில்லாமற் போனால் காணி யாருக்கு?" என்று நான் பதிலுரைத்தேன். இதை அலங்காரத்துக்காகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். கால் இல்லாமற் போகவிருந்த ஒரு பிள்ளையின் கதையை முதலிற் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. சைக்கிள் திருத்தும் கடையொன்றிற் புகுந்து, தியூப் ஒட்டும் சொலூசன் ரின்களைக் களவெடுத்தான் என்று பொலிசார் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தனர். "ஐயா, என்ரை பிள்ளை கள்ளன் இல்லை ஐயா" என்று அத்தாய் அழுதார். நான் பிணையில் எடுத்துக் கொடுத்தேன். "பிள்ளையைக் கவனமாய்ப் பாருங்கோ அம்மா" என்று ஒரு புத்திமதியும் சொன்னேன். என் கடமை அத்துடன் முடிந்ததென்றே எண்ணிக்கொண்டேன்.

குறுக்கு விசாரணையிற் பழகிய வாய் என்னுடையது. ஆயினும் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. மேசை லாச்சியிலே காசு இருந்தது. அதைத் தொடாமல், சில ரூபாய்கள் மட்டுமே பெறுமதியான பசை ரின்களை ஒரு பையன் எடுத்துச் சென்றான் என்றால், எதற்காக எடுத்தான்? அதை நான் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் ஓராண்டு வீணாகியிராது. மறுபடியும் அதே குற்றச்சாட்டில் அவன் வந்தான். மறுபடியும் பிணை வாங்கினேன். மூன்றாம் முறை வந்தபோது நீதிமன்றப் படிகளில் ஏற அவனால் முடியவில்லை. அவனுடைய மாமன் தோளிலே தாங்கிக் கொண்டுவந்தார். பொலிசார் அடித்தனரோ என்று சந்தேகித்து வைத்தியரிடம் அனுப்பும்படி மன்றிற் கேட்டேன். அடி ஒன்றுமில்லை; பசையின் ஆவியை மாதக்கணக்காக முகர்ந்ததால் கால் நரம்புகள் பழுதடைந்துள்ளன என்று வைத்தியர் சொன்னார்.

நண்பர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நம்முடைய பத்திரிகைகள் இன்று ஹெரோயினைப் பற்றியும் 'ஐஸ்' என்பதைப் பற்றியும், கடல்வழியாக வந்திறங்கும் கேரளக் கஞ்சாவைப் பற்றியும் எழுதுகின்றன. எழுதத்தான் வேண்டும். ஆனால் கடல் கடந்து வராத, எந்த ரோந்துப் படகாலும் பிடிக்க முடியாத ஒரு போதை நம் வீட்டுக் கொட்டிலிலும் கடைத் தட்டிலும் இருக்கிறது. பசை, வர்ணப் பூச்சுக்குக் கலக்கும் தின்னர், பெற்றோல், லைற்றருக்கு நிரப்பும் வாயு, எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவம் ஆகிய இவையெல்லாம் ஆவியாகும் பொருள்கள். இவற்றின் ஆவியை வேண்டுமென்றே முகர்ந்து மயக்கம் கொள்வதையே நான் குறிப்பிடுகிறேன். எப்படி முகர்கிறார்கள் என்பதை இந்த மேடையிலே விவரிக்கமாட்டேன். தெரியாத பிள்ளைக்கு நானே ஆசானாக விரும்பவில்லை.

இந்த மணம் எங்கள் தலைமுறைக்குப் புதிதன்று. 1990க்குப் பின் எரிபொருட் தடை இருந்த காலத்தை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அந்தச் சிறு போத்தலைக் காவித் திரிந்தவர்கள் அந்நாளில் சிறுவராயிருந்த நாங்கள்தாம். குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் இறக்கி, அது நெஞ்சுக்குள்ளே போய் நியூமோனியாவாகி வைத்தியசாலைக்குச் சென்றவர்களும் உண்டு. பெற்றோல் மணம் பிடிக்கும் என்று எங்களிற் பலர் விளையாட்டாய்ச் சொன்னோம். அந்த விளையாட்டின் மறுபக்கம் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த மறுபக்கத்தை இப்பொழுது நான் சொல்கிறேன். வாயால் உண்பது வயிற்றைக் கடந்து இரத்தத்திற் சேர நேரம் எடுக்கும். மூச்சால் இழுப்பதோ சில வினாடிகளிலே மூளையை அடைந்துவிடும். இப்பொருள்களின் இயல்பு கொழுப்பைக் கரைப்பது. மூளையும் நரம்புகளைப் போர்த்தியுள்ள உறையும் கொழுப்பு மிகுந்தவை. பெயின்ரைக் கரைக்கும் தின்னர் மூளையை மட்டும் விட்டுவைக்குமா? நாட்செல்ல ஞாபகம் குறையும், கை நடுங்கும், நடை தள்ளாடும், ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். சிலவகைப் பசைகளிலுள்ள எக்சேன் என்னும் பொருள் பாதத்திலிருந்து தொடங்கி நரம்புகளை அழித்துக்கொண்டு மேலே ஏறும். முகர்வதை நிறுத்திய பின்னரும் சில வாரங்களுக்கு நோய் கூடிக்கொண்டே போகலாம். அதன்பின் மாதக்கணக்கிலேதான் நரம்பு மெல்ல மெல்லத் தேறும்.

இதனிலும் பெரிய அபாயம் இன்னொன்று. 1970ஆம் ஆண்டில் மில்லார்ட் பாஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் 110 இளைஞரின் திடீர் மரணங்களை ஆராய்ந்து எழுதினார். இந்த ஆவி இதயத்தை அதிர்ச்சிக்கு இடங்கொடுக்கும் நிலையில் வைத்துவிடுகிறது. அந்நேரத்திலே பயமோ ஓட்டமோ ஏற்பட்டால், உடலிற் சுரக்கும் அதிரனலின் அந்த இதயத்தை நிறுத்திவிடலாம். பல மாதம் பழகியவனுக்கு மட்டுமன்று, முதல் நாளே முகர்ந்தவனுக்கும் இது நேரலாம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஒழுங்கையிலே ஒரு பையன் மயங்கிய நிலையில் இருக்கக் கண்டால் நமது வழக்கம் என்ன? "டேய், பிடியடா!" என்று கூவித் துரத்துகிறோம். பிடித்தால் அடிக்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம், ஆனால் அந்தத் துரத்தலே அவன் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகையால், தாய்மார்களே, இதை மனத்திற் பதியுங்கள். துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், மல்லுக்கட்டாதீர்கள். அமைதியாகப் பேசி அப்பொருளை அகற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில் இருத்துங்கள். நெருப்பை அண்டவிடாதீர்கள். உணர்விழந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். புத்திமதியெல்லாம் மறுநாளைக்கு இருக்கட்டும்.

"இது பெரிய நகரங்களின் தெருப்பிள்ளைகளுக்கு உரிய நோய், நம் வீட்டில் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். அயலைப் பாருங்கள். இந்திய அரசாங்கம் 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டிற்று. மதுவானாலும் கஞ்சாவானாலும் ஓபியமானாலும் பாவிப்போர் விகிதம் வளர்ந்தவரிடமே அதிகம். முகரும் போதை ஒன்றில் மாத்திரம் கணக்குத் தலைகீழாகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 0.58 பேர் என்றால், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 பேர். உதவி தேவைப்படும் பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய 4 லட்சத்து 60 ஆயிரம் என மதிப்பிட்டனர். ஆகவே இது பிள்ளைகளின் நோய். மலிவாகக் கிடைப்பதும், வாங்கும்போது எவரும் சந்தேகிக்காததும், அதைப் பிள்ளைகளின் நோயாக்கிவிட்டன.

நான் சட்டம் படித்தவன். ஆகவே சட்டம் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நமது 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ என்று விதித்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்கலாகாதென்றது. ஆனால் பசையும் தின்னரும் சாதாரண வியாபாரப் பண்டங்கள். அவற்றைத் தடைசெய்தால் சைக்கிள் ஓடுமா? தச்சன் வேலை செய்வானா? தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் பெற்றோலின்றி இயங்குமா?

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின? பிரித்தானியா 1985இல் ஒரு சட்டம் இயற்றியது. முகர்வதற்கே வாங்குகிறான் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, 18 வயதுக்குட்பட்டவனுக்கு விற்றால் விற்றவன் குற்றவாளி என்றது அச்சட்டம். 2016இல் வேறொரு விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அங்கே முகர்ந்த பிள்ளையன்று, விற்ற வியாபாரியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டான் என்பதைக் கவனியுங்கள். இந்தியா 2012இல் வெள்ளைத் திரவத்தையும் அதன் தின்னரையும் போத்தலிற் சில்லறையாக விற்பதைத் தடுத்தது. அமெரிக்காவிலே பொம்மை விமானம் ஒட்டும் பசை செய்த கம்பனியொன்று 1960களின் இறுதியில் அதனுள்ளே கடுகின் காரத்தைக் கலந்தது. ஒட்டுகிறவனுக்குத் தொல்லையில்லை, முகர்கிறவனுக்கு மூக்கெரியும்.

எல்லாவற்றினும் சிறந்த பாடம் அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்திலிருந்து வருகிறது. அங்குள்ள பூர்வீகக் குடிகள் நிலமிழந்தவர்கள், மொழி நசுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளிடையே பெற்றோல் முகர்தல் கொள்ளைநோய்போற் பரவிற்று. யுவெண்டுமு என்ற ஊரிலே வால்பிரி இனத்து முதியோர் 1994இல் ஒரு முடிவெடுத்தனர். பொலிசைக் கூப்பிடவில்லை. பழுதான பிள்ளைகள் என்று ஊரை விட்டு ஒதுக்கவுமில்லை. ஊரிலிருந்து வெகு தொலைவிலே, பெற்றோல் கிடைக்காத மவுண்ட் தியோ என்னும் தம் மூதாதையர் நிலத்துக்கு அப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, தம்முடன் வைத்து, வேட்டையும் வேலையும் தம் மரபும் கற்பித்தனர். அப்பணியிலே முன்னின்ற பெகி நம்பிஜின்பா பிரவுன் என்ற மூதாட்டியை அந்நாட்டு அரசு 2007இல் விருதளித்துக் கௌரவித்தது. 2005இல், முகர்ந்தாலும் மயக்கந்தராத புதுவகைப் பெற்றோல் அப்பிரதேசங்களுக்கு வந்தது. அதனைப் பாவித்த ஊர்களிலே முகர்வோர் தொகை பெருமளவு வீழ்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். பண்டத்தை மாற்றும் பொறுப்பு அரசினுடையது. பிள்ளையை மீட்கும் பொறுப்பு ஊரினுடையது. இரண்டும் சேர்ந்தபோதே பலன் கிடைத்தது.

இனி, நமது நாட்டில் 'புனர்வாழ்வு' என்று எதைச் சொல்கிறார்கள்? அந்தச் சொல் நமக்குப் புதிதன்று. 2009க்குப் பின் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நம் பிள்ளைகள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டது அப்பெயரால்தான். போதைக்கு ஆளானோரைக் கட்டாயமாக அடைத்து வைத்த பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டு நிலையத்திலே 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்தார். கலவரமுண்டாகி நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதே ஆண்டிலே புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தபோது, அது முழுவதும் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் கண்டது. முன்னாட் போராளிகளையும் பிறரையும் குறித்த பகுதிகளை நீக்க வேண்டுமென்றும் கூறிற்று. திருத்தப்பட்டு 2023இல் அது சட்டமாயிற்று. போதைக்கு அடிமையானோர் இன்றும் அதன் வலையிற்றான் இருக்கின்றனர். நோயாளியைக் காவலில் வைப்பது சிகிச்சையாகாது என்று நான் வாதாடுவேன். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்திலே, தானாக விரும்பி வருபவனுக்குச் சிகிச்சை பெற வழியுண்டு. அந்த வழியை அகலமாக்குங்கள் என்பதே நமது கோரிக்கையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனியான, தமிழிலே பேசும், சீருடை அணியாத வைத்தியரும் தாதியரும் பொறுப்பாயிருக்கும் இடம் வடக்கிலே வேண்டும்.

அது வரும்வரை நாம் கைகட்டியிருக்கலாமா? இருக்கக் கூடாது. முகர்போதைக்கென்று மாற்று மருந்து ஒன்றில்லை. நிறுத்துவதும், உடலைத் தேற்றுவதும், மனத்தைத் தேற்றுவதுமே சிகிச்சை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அங்கே போவதை அவமானமென்று கருதுகிறோமே, அதுதான் அவமானம். யுத்தம் தனி மனிதரை மட்டுமன்றிச் சமுதாயத்தின் மனத்தையே காயப்படுத்தியது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். தகப்பனை இழந்த வீட்டிலும், தாய் வெளிநாட்டில் உழைக்கும் வீட்டிலும், பேச ஆளில்லாத வீட்டிலும் ஒரு பிள்ளைக்குப் பசை ரின் துணையாகிறதென்றால் அந்தப் பிள்ளையை மட்டும் குற்றஞ் சொல்லி நாம் தப்ப முடியாது.

ஆகவே நான் கேட்பவை சிலவே.

கமக்காரப் பெருமக்களே, கிருமிநாசினியைப் பூட்டி வைக்கும் நீங்கள் பெற்றோலையும் தின்னரையும் அதே பெட்டியிற் பூட்டுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். அளவு குறைந்தால் கவனியுங்கள். புகையிலை விளைத்து வாழ்ந்த மண் நம்முடையது. 'போதை நமக்கு அந்நியம்' என்று மார்தட்டும் உரிமை நமக்கில்லை என்பதையும் பணிவோடு ஒப்புக்கொள்வோம்.

கடைக்காரர்களே, 18 வயதுக்குட்பட்டவர் தனியே வந்து பசையோ தின்னரோ கேட்டால் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, தம்பி" என்று சொல்லுங்கள். அதற்குச் சட்டம் வேண்டியதில்லை, சம்மதம் போதும்.

ஆசிரியர்களே, உடையிலே இரசாயன மணம், வாய் மூக்கைச் சுற்றிப் புண், சிவந்த கண், குழறும் பேச்சு, உணவில் வெறுப்பு ஆகிய இவற்றைக் கண்டால் தாயைத் தனியே அழைத்துப் பேசுங்கள். பாடசாலையை விட்டு நீக்காதீர்கள். நீக்கப்பட்ட பிள்ளைக்கு நாள் முழுவதும் ஓய்வு. அந்த ஓய்வே அவனுக்குப் பகை.

என் தொழிற்றோழர்களே, இத்தகைய பிள்ளைகளுக்குக் கூலியின்றித் தோன்றுவோம். பிணையோடு நின்றுவிடாமல் வைத்திய அறிக்கையையும் நன்னடத்தை உத்தியோகத்தரின் உதவியையும் மன்றிற் கேட்போம். நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.

பெற்றோர்களே, இரவிலே பயம் பிடித்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் உண்டு. பிள்ளைக்கு யாரேனும் தீங்கிழைத்தால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கம் உண்டு. முதலிலே பேசுங்கள், ஒளிக்காதீர்கள்.

நான் தொடங்கிய கதையை முடிக்கிறேன். அந்தப் பையனின் மாமன் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். அதிகம் படித்தவரல்லர். "அவன் என்னோடை இருக்கட்டும்" என்ற ஒரு சொல்லை மட்டும் மன்றிலே சொன்னார். நீதவான் இணங்கினார். அவர் அவனை வைத்தியசாலைக்கு வாரந்தோறும் கொண்டு சென்றார். வீட்டிலிருந்த பெற்றோலை அயல்வீட்டிற் கொடுத்து வைத்தார். வரம்பிலே அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வேலை செய்தார். இடையிலே இரண்டு முறை அவன் வழுக்கி விழுந்தான். இரண்டு முறையும் மாமன் அடிக்கவில்லை. மறுபடி வைத்தியரிடமே கொண்டுபோனார். எட்டு மாதத்தின் பின் ஒருநாள் என் அலுவலகப் படிகளில் அவன் தானாக ஏறி வந்தான். இடது பாதம் இன்னும் சற்று இழுபடுகிறது. முற்றாகக் குணமாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்தவன் கையிலே ஒரு பை வெங்காயம் இருந்தது. "மாமா தந்துவிட்டவர்" என்றான். என் தொழிலிலே நான் பெற்ற கூலிகளில் அதைவிடப் பெரியது வேறில்லை.

அவனை மீட்டது சட்டமன்று, சட்டத்தரணியுமன்று. ஒரு மாமன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு மாமன் வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளைகளுக்கு இந்தக் கிராமம் மாமனாக நிற்குமா என்பதே இன்றிரவு உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி. இக்கூட்டம் கலையுமுன் ஓர் ஆசிரியர், ஒரு தாய், ஒரு கடைக்காரர், விளையாட்டுக் கழகத்து இளைஞர் ஒருவர், நம் குடும்பநல உத்தியோகத்தர் என ஐந்து பேரைத் தெரிந்தெடுங்கள். அவர்கள் கேட்பதை வெளியே சொல்லாதவர்களாக இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கடை கடையாக நடக்க நானும் வருகிறேன்.